மூட்டத்துக்குத் திறந்த ஜன்னல்

சீனாவின் தென்கடற்கரை ஊரான பெய்ஹாயில், பழைய தெருவின் அந்த மாடி வீட்டுக்கு நெகேசா குடிவந்தது மார்ச் மாதத்தில். கென்யாவிலிருந்து கொண்டுவந்த இரண்டு பெட்டியும், மழலையர் பள்ளியில் ஆசிரியை வேலைக்கான கடிதமும்தான் அவள் சொத்து. புருஷன் செத்த மறுமாதமே கொழுந்தன்மார் அவளையும் மகளையும் வீட்டை விட்டு விரட்டியிருந்தார்கள். மகள் நஃபுலா ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரி ஒருத்தியோடு வந்து சேருவதாக இருந்தது. இனி எந்த வீட்டிலிருந்தும் எவனும் தன்னை வெளியேற்ற விடுவதில்லை என்று நெகேசா வைராக்கியமாக இருந்தாள்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி லியாவ் அறுபதைத் தாண்டியவள். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தெக்கேருந்து கடல்காத்து வருது. செவுரெல்லாம் வேர்க்கும். ஜன்னலை மட்டும் தொறந்துடாத. வடகாத்து வர்ற வரைக்கும் மூடியே கெடக்கட்டும்."

அந்த ஊருக்குப் புதிதாக வருகிற எவரும் செய்கிற தப்பைத்தான் நெகேசாவும் செய்தாள். சுவரில் நீர் வழிந்தது. தலையணையில் பூஞ்சை நாற்றம். ஈரம் காயட்டும் என்று பட்டப்பகலில் ஜன்னல்களை விரியத் திறந்தாள். வெள்ளை மூட்டம் மெல்ல உள்ளே நகர்ந்து வந்தது. முதலில் உப்பு வாடை, அதற்கடியில் நாட்பட்ட வேறேதோ வாடை. கொஞ்ச நேரத்தில் தரை முழுக்க முத்து முத்தாக வியர்த்துவிட்டது.

அந்த ஈரத்தில் ஒரே ஒரு காலடி மட்டும் காய்ந்திருந்தது.

பிறகு இன்னொன்று.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது விழுந்தது. ஒடுங்கிய பெண் பாதங்கள், ஜன்னலடியிலிருந்து அவளை நோக்கி. காதோரம் குளிர்ந்த மூச்சுப் பட்டது.

"போ."

எந்த மொழி என்று தெரியவில்லை. அர்த்தம் மட்டும் புரிந்தது.

விழுந்தடித்துக் கீழே ஓடினாள். இறால் உரித்துக்கொண்டிருந்த லியாவ் அவள் முகத்தைப் பார்த்ததுமே கையை நிறுத்தினாள்.

"தொறந்துட்டியா?"

"யாரு அது, அக்கா?"

"எங்க அண்ணி. அண்ணன் கடலோட போனதும், எங்கப்பா அவளை இந்த வீட்டை விட்டு வெளிய தள்ளித் தாப்பா போட்டுட்டாரு. இதே மாதிரி மூட்டம். மத்தியானம் பூரா கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. கடல்லதான் கெடைச்சா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

லியாவ் தலைநிமிரவில்லை. "உள்ளதான். பதினஞ்சு வயசு எனக்கு. நீ கெளம்பிடு, வேற வீடு பாத்துத் தரேன். மூணு பேரு ஏற்கெனவே ஓடிட்டாங்க."

"அவங்களுக்கு ஓட எடம் இருந்துச்சு. எனக்கு இல்ல."

பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. மேலே போய் நடுக்கூடத்தில் நின்றாள்.

"கேட்டுக்கோ. உன்னைத் தள்ளினது நான் இல்ல. என்னையும் இப்படித்தான் தள்ளினாங்க. நீ இரு, போ, உன் இஷ்டம். நான் போகமாட்டேன்."

காய்ந்த காலடிகள் அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தன.

நாலு நாள் அந்தக் காலடிகளுக்கு நடுவிலேயே சமைத்தாள், சாப்பிட்டாள். துடைக்கும்போது, "கொஞ்சம் தள்ளு" என்று அதட்டவும் செய்தாள். பயத்தில் வியர்த்துக் கொட்டும், அதட்டலை மட்டும் விடமாட்டாள்.

ஞாயிறு மதியம் ரயிலடியிலிருந்து மகளை அழைத்துவந்தாள். சாவி சுழன்றது. கதவு திறக்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"சொன்னேனே," என்று படிக்கட்டில் நின்று கிசுகிசுத்தாள் லியாவ். "வேண்டாம், என் வீட்டுக்கு வா."

நஃபுலா தூக்கக் கலக்கத்தில் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையோடு மறுபடியும் ஒரு மூடிய கதவின் முன். நெகேசா இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

"தொற! உனக்குச் செஞ்சதை நீ எனக்குச் செய்வியா? பிள்ளை பசியோட நிக்கறா. தொற!"

மூட்டம் படியேறி வந்தது.

உள்ளே இரும்பு மெல்ல உராய்ந்தது. கதவு தானாக விலகியது.

நெகேசா ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் மகளுமாக உள்ளே போனாள். பின்னாலேயே, "அண்ணி..." என்று விசும்பியபடி லியாவ் வாசல்வரை ஏறி வந்தாள்.

அவள் முகத்துக்கு நேரே கதவு மூடிக்கொண்டது.

நெகேசாவின் இரண்டு கையிலும் சுமை இருந்தது. அவள் கண்ணெதிரே தாழ்ப்பாள் நகர்ந்து விழுந்தது. வெளியே லியாவ் கதவைத் தட்டத் தொடங்கினாள்.