பின்பாரம்

பின்பக்கம் தூக்கவில்லை.

தூக்கியிருக்க வேண்டும். லாரியில் இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றும் இரண்டரை டன். குஜராத்திலிருந்து வரும் ஆளுயர டைல்ஸ், மரச்சட்டம் அடித்து, பட்டை முறுக்கி. ஃபோர்க்லிஃப்டின் பக்கத்தில் அடித்திருக்கும் தகடோ இரண்டு டன்னுக்கு மேல் தூக்காதே என்கிறது. தூக்கினால் வண்டி மூக்கைக் குத்தும், பின்சக்கரங்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும், ஸ்டியரிங் பிடிமானமே இல்லாமல் சுழலும். ராஜகுமார் அதை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் லிவரை இழுத்தான். பெட்டி எழுந்தது. சங்கிலி முனகியது. சாய்ந்தடித்த ஐப்பசி மழை தொடையை நனைத்தது. வண்டி மட்டும் ஆடவில்லை. பின்சக்கரங்கள் தரையோடு ஒட்டிக்கிடக்க, ஸ்டியரிங் ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போலக் கனத்தது.

"பாத்தியா? தூக்கும்லா!" குடோன் வாசலில் குடையோடு நின்ற சூப்பர்வைசர் குமாரதாஸ் கத்தினார். "சும்மா கெடந்து பயந்து சாவுத. ஒருத்தனும் பின்னால ஏற வேண்டாம், கேட்டியா? வண்டிக்குத் தெம்பு உண்டும்."

நல்ல செய்திதானே என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான் ராஜகுமார். நினைப்பு ஒட்டவில்லை. ஏழு வருஷம் சவூதியில், தம்மாமில், இதே வேலை பார்த்தவன். இரும்புக்குத் திடீரென்று தெம்பு வராது என்பது அவனுக்குத் தெரியும். இரண்டரை டன்னை முன்னால் தூக்கினால் பின்னால் யாராவது நின்றாக வேண்டும்.

நாற்பது நாள் முன்பு வரை அப்படித்தான் நின்றார்கள். வண்டியின் பின்பக்கம் ஒரு இரும்புப் பாரம் உண்டு. முன்னால் தூக்குகிற சுமைக்கு ஈடாகக் கம்பெனிக்காரன் வைத்த பின்பாரம். அது போதாதபோது சுமடு எடுக்கிற ஆள் ஒருவன் அதன்மேல் ஏறி, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தம்மாமில் இதைச் செய்தால் அன்றைக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள். வந்த புதிதில் ராஜகுமார் முடியாது என்றுதான் சொன்னான். "இது தம்மாம் இல்லடே, தக்கலை," என்று குமாரதாஸ் சிரித்தார். ஒரு மாதம் முரண்டு பிடித்தான். இரண்டாம் மாதம் அவனே ஆளைக் கூப்பிடத் தொடங்கினான்.

கூப்பிட்டது பெரும்பாலும் ஏசுஅடிமையைத்தான். இனயத்துக்காரர், ஐம்பது வயது, நூறு கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைவு. முழங்கால் வலிக்குக் காலையும் மாலையும் தைலம் தேய்ப்பார். அவர் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். "ஏறிட்டியளா அண்ணே?" என்று ராஜகுமார் திரும்பாமலே கேட்பான். அவர் வாய் திறக்க மாட்டார். விரலில் கிடந்த செம்பு மோதிரத்தால் கூரைக் கம்பியில் இரண்டு தட்டு. டொக், டொக். அதுதான் பதில். வண்டி நகரும்.

அன்றைக்கும் இரண்டு தட்டு கேட்டது. பெட்டி பார்வையை மறைத்தால் ரிவர்சில் போ, போகும்போது திரும்பிப் பார் என்பது பாலபாடம். ராஜகுமார் ரிவர்சில் போனான். கழுத்து வலிக்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் காரணம் ஒரு கழுத்து வலி! நாலாம் நம்பர் தூண் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாதா என்ன? தூணுக்கும் இரும்புக்கும் நடுவில் ஏசுஅடிமை சத்தமே போடவில்லை. வண்டி எதிலோ மெத்தென்று இடித்து நின்றது, அவ்வளவுதான்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். குமாரதாஸ்தான் முதலில் வந்தார். வந்ததும் சொன்னார்: "அவனா ஏறினான்னு சொல்லு. நீ பாக்கல்ல, கூப்பிடல்ல. செத்தவன் எந்திச்சு வந்து இல்லன்னு சொல்லப் போறானா?" விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ராஜகுமார் அப்படியே ஒப்பித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போகும், கேஸ் வரும், ஜெயிலும் வரலாம். ஆகவே காகிதத்தில் இறந்தவன்மேல் குற்றம் ஏறியது.

முந்தாநாள் ஏசுஅடிமையின் மனைவி கேட் வரைக்கும் வந்திருந்தாள். நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்குக் கூப்பிட என்றுதான் சொன்னாள். போகும்போது ஒன்று கேட்டாள். "அவருக்கு ஒரு ஏணியில ஏறவே பயம். அவரா ஏறியிருக்க மாட்டாரு. நீங்க கூப்பிட்டியளா தம்பி?"

"இல்லக்கா," என்றான் ராஜகுமார். அவள் அவனை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடையை விரித்துக்கொண்டு போனாள்.

பூசை இன்றைக்குக் காலையில் முடிந்திருக்கும்.

முதல் பெட்டியை உள்ளே இறக்கிவிட்டு, வெறும் ஃபோர்க்கோடு திரும்பியபோது ராஜகுமார் சத்தத்தைக் கவனித்தான். தகரக் கூரைமேல் மழை இரைந்துகொண்டிருந்தது. கரண்டு போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்ததால் பட்டப்பகலிலும் குடோனுக்குள் இருட்டு அடைத்துக்கிடந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், வாசல் சரிவில் ஏறும்போது, பின்சக்கரங்கள் நொறுநொறுவென்று மணலை அரைத்தன. காலி வண்டி இப்படி அரைக்காது. ஆக்சிலேட்டரை இன்னும் மிதிக்க வேண்டியிருந்தது. டீசல் புகையும் நனைந்த அட்டையுமாக நாறிய காற்றில் வேறொரு வாசனையும் கலந்து வந்தது. காரமாக, மூக்கின் உள்ளே குளிரும்படியாக.

தைலம்.

சுமடுக்காரன் எவனாவது தேய்த்திருப்பான் என்று சொல்லிக்கொண்டான். எல்லோருக்கும்தான் முழங்கால் இருக்கிறது.

இரண்டாம் பெட்டிக்கு அடியில் ஃபோர்க்கைக் கொடுத்தான். லிவரில் கை வைத்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் தலைக்குப் பின்னால், கம்பியில், பதில் வந்தது.

டொக். டொக்.

எஞ்சினை அணைக்காமலே குதித்து இறங்கினான். ஆள் சீட்டை விட்டு எழுந்தால் வண்டி தானே அடங்குவதற்கென்று ஒரு வயர் உண்டு. இறங்கி ஏறத் தொந்தரவு என்று குமாரதாஸ் அதை எப்போதோ அறுத்துப் போட்டிருந்தார். வண்டி தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. ராஜகுமார் பின்னால் சுற்றி வந்தான். ஆள் இல்லை. மழை நேராகப் பின்பாரத்தின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்பு முழுக்க நீர் ஓடியது.

இரண்டு இடம் மட்டும் நனையவில்லை.

பக்கத்தில் பக்கத்தில். குதிகால், உள்ளங்கால் வளைவு, ஐந்து விரல். அகன்ற பாதம். காய்ந்த டைல்ஸ் தூசி அந்த இரண்டு அடித்தடத்துக்குள் வெள்ளை வெளேரென்று கிடக்க, மழை அவற்றைச் சுற்றி வழிந்து போனது. ராஜகுமார் விரலை நீட்டினான். ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினான். அந்த இடத்துக் காற்று இளஞ்சூடாக இருந்தது.

"என்னடே அங்க தேடுத?" குமாரதாஸின் குரல். "லாரிக்காரன் நாலு மணிக்குள்ள போணும். இன்னும் ரெண்டு கெடக்கு. சவம், இந்த மழ வேற."

"அண்ணாச்சி, பெட்டிய ஒடச்சு கையால எறக்கிடலாம். இந்த வண்டி வேண்டாம்."

"உனக்குக் கிறுக்கா? நல்லா தூக்குத வண்டிய வேண்டாங்குத!"

வாசல் ஓரத்தில் நாலு சுமடுக்காரர்கள் குந்தியிருந்தார்கள். விசாரணை முடிந்த நாளிலிருந்து ஒருத்தனும் ராஜகுமாரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். ஆனாலும் போனான். மரியஜான் ஏசுஅடிமையின் ஊர்க்காரன், அவர்கூட ஒரே பஸ்சில் வந்து போனவன். அவனிடம் கெஞ்சினான்.

"மக்கா, ஒரு தடவ பின்னால ஏறி நில்லு. நான் ஓட்ட மாட்டேன், நீ சும்மா நின்னா போதும்." வெறும் இடம் என்று யாராவது ஒருத்தன் ஏறி நின்று காட்டினால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

மரியஜான் வண்டியைப் பார்த்தான். பிறகு மழையில் காறித் துப்பினான்.

"எங்க ஏறதுக்கு? எடம் இல்லியே," என்றான்.

மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் வண்டியின் பின்பக்கத்தை விட்டு எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ராஜகுமார் அப்போதுதான் கண்டான்.

ஓடிவிடலாம். சாவியைக் குமாரதாஸின் முகத்தில் எறிந்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். ஏன் ஓடினாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். ராஜகுமார் சீட்டில் ஏறினான்.

இரண்டாம் பெட்டி போய்ச் சேர்ந்தது. கடைசிப் பெட்டியைத் தரையில் வைக்க இடம் இல்லை. நாலாம் தூணுக்கு எதிரே இரண்டு பெட்டி அடுக்கியிருந்தது; அதன்மேல் ஏற்றச் சொன்னார் குமாரதாஸ். பதினைந்தடி உயரம். உயரம் ஏற ஏறப் பாரம் வண்டியை இன்னும் முன்னால் கவிழ்க்கும் என்பது இந்தத் தொழிலில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தூண் இப்போது முதுகுக்குப் பின்னால் இருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், நெஞ்சு உயரம் வரைக்கும் மட்டும்; மழை ஈரத்தில் அது இன்னும் காயவில்லை.

லிவரை இழுத்தான். பெட்டி ஏறியது. ஐந்தடி. எட்டடி. பின்பக்கம் பாறை மாதிரி இருந்தது. தைல நெடி கண்ணைக் கரித்தது. பிடரியில் மூச்சு பட்டது. சூடான, அவசரமில்லாத மூச்சு. பத்தடி.

"அண்ணே," என்றான் ராஜகுமார். "நான்தான் கூப்பிட்டேன். சொல்லிடுதேன். இந்தப் பெட்டிய எறக்கினதும் உங்க வீட்டுக்கு வந்து அக்காகிட்ட சொல்லிடுதேன்."

பதிமூன்றடி.

மூச்சு நின்றது.

பின்னால் நின்றவர் இறங்கினார். ஒரு கால். மறுகால். தரையில் வெறும் பாதம் பட்ட சத்தம் கேட்டது. சட்டென்று ஸ்டியரிங் கையில் காற்றாய்ச் சுழன்றது. பின்சக்கரங்கள் எழுந்தன. ஒரு சாண். இரண்டு சாண். மேலே பெட்டிக்குள் டைல்ஸ் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டது. லிவரைத் தள்ளினான். வேலை செய்யவில்லை.

"பின்னால ஏறுங்கலே!" குமாரதாஸ் அலறினார். "ஏலே, யாராவது ஏறுங்க!"

ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

வண்டி கவிழ்ந்தால் குதிக்காதே, சீட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே இரு. தம்மாமில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. கூரைக்கம்பி உன்னைக் காக்கும். ஏழு வருஷம் மனப்பாடம். ஆனால் இந்தக் குடோனின் பழக்கம் அதைவிட ஆழமாக இறங்கியிருந்தது. பின்னால் தூக்கினால் பின்னால் ஆள் ஏற வேண்டும். யோசிக்கவே இல்லை அவன். சீட்டிலிருந்து தாவினான். சுற்றி ஓடினான். எழுந்து நின்ற இரும்பின்மேல் தொற்றி ஏறினான். கம்பியைப் பிடித்தான்.

வண்டி மெல்லத் தாழ்ந்தது. சக்கரங்கள் தரையில் பதிந்தன. மேலே கிறீச்சிடல் அடங்கியது. அப்பாடா, பிழைத்தேன்! ராஜகுமாருக்கு அழுகை வந்தது.

கால் சூடாக இருந்தது. குனிந்து பார்த்தான். அவன் செருப்பு எங்கோ கழன்று விழுந்திருந்தது. இரண்டு வெறும் பாதமும் அந்த இரண்டு அடித்தடத்துக்குள் நின்றன. விரலுக்கு விரல். எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

நிமிர்ந்தான்.

சீட்டில் ஆள் இருந்தது.

அகன்ற முதுகு. நனைந்த காக்கிச் சட்டை. முதுகின் நடுவில், தூணின் அகலத்துக்கு, உள்ளே போயிருந்த பள்ளம். லிவரின்மேல் கை. செம்பு மோதிரம்.

தலை திரும்பவில்லை.

"ஏறிட்டியா மக்கா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அவன் வலது கை தானாக எழுந்தது. விரல் மடங்கியது. முட்டி கம்பியில் மோதியது.

டொக். டொக்.

ரிவர்ஸ் கியர் விழுந்தது.

வாசலில் நாலு பேரும் எழுந்து நின்றார்கள். அவர்கள் அவனைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தார்கள். மரியஜான் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிலுவை போட்டான். குமாரதாஸ் ஏற்கெனவே மழையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார். போன் காதில் இருந்தது.

"ஆமா சார்," என்றார். "இல்ல சார், நாங்க யாரும் சொல்லல்ல. அவனா ஏறினதுதான்."

வண்டி நிதானமாகப் பின்னால் வந்தது. ராஜகுமாரின் முதுகில் ஈரச் சுண்ணாம்பு குளிர்ந்தது.