கடல் இல்லாத ஊரின் படம்

மலைக்கோயில் பாறையில் ஒரு புது ஆள் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, ஓசூரைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தார்.

பார்த்தவர்கள் பயந்தார்கள். மைசூருக்கும் மதராசுக்கும் எல்லை பிரிக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஐம்பத்தாறாம் வருஷம் அது.

"மைசூர்க்காரங்க அனுப்புன ஆளு! நம்ம ஊரை வரைஞ்சு அவங்களுக்குக் குடுக்கப் போறான்" என்றார் மளிகைக்கடை கங்கப்பன். "கன்னடத்துல பேசினா முழிக்கிறான். ஓசூர்ல கன்னடம் தெரியாத மனுசன் உண்டா? எல்லாம் நடிப்பு!"

கடைக்குப் பக்கத்து வீட்டுச் சிறுமி சம்பங்கிக்கும் சந்தேகம்தான். பால்காரர் பாலைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள் அவள். ஆனால், "படத்தைக் கிழிச்சிட்டு ஆளை பஸ் ஏத்திடுறேன்" என்று கங்கப்பன் கிளம்பியதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"இருங்க மாமா. நடிக்கிறாரான்னு நான் பார்த்துச் சொல்றேன்" என்று கூடவே மலையேறினாள்.

அந்த ஆள் குனிந்து வரைந்துகொண்டிருந்தார். சம்பங்கி சத்தம் போடாமல் அவர் பின்னால் போய் நின்றாள்.

"ஹாவு! ஹாவு!" என்று அலறினாள். கன்னடத்தில் பாம்பு என்று அர்த்தம்.

"ஐயோ!" என்று துள்ளிப் பாறைமேல் ஏறினார் கங்கப்பன்.

அந்த ஆளோ மெதுவாகத் திரும்பி, "யாரைம்மா கூப்பிடுற?" என்றார்.

"மாமா, இவருக்கு நெசமாவே கன்னடம் தெரியாது!"

"அப்புறம் படம் யாருக்காம்?" பாறையிலிருந்து இறங்காமலே அதட்டினார் கங்கப்பன்.

"என் பொண்ணுக்குங்க. என் பேரு தேவநாதன், கடலூரு. இங்க மாட்டுப்பண்ணையில வேலை கிடைச்சிருக்கு. கடல் இல்லாத ஊருக்கு வரவே மாட்டேன்னு அழுவுறா. படத்தைப் பார்த்தாவது மனசு மாறுவாளான்னுதான்..."

சம்பங்கி படத்தை உற்றுப் பார்த்தாள். கோட்டை, சந்தை, ஏரி, ஓட்டு வீடுகள் எல்லாம் இருந்தன. ஒரு மனிதர்கூட இல்லை.

"வெறும் வீட்டைப் பார்த்து யாரு வருவாங்க? ஏரிக்கரையில என்னைப் போடுங்க. ரெட்டை ஜடை. வா வான்னு கை ஆட்டணும்."

கங்கப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "என் கடையை விட்டுட்டீங்களே! வாசல்ல என்னையும் நிக்க வைங்க. மீசையைக் கொஞ்சம் பெருசா..."

அடுத்த மாதம் பஸ்ஸிலிருந்து ஒரு சிறுமி கை நிறையக் கிளிஞ்சலோடு இறங்கினாள். ரெட்டை ஜடையைப் பார்த்ததுமே சிரித்தாள். பக்கத்தில் நின்ற மீசையையும் கண்டுகொண்டாள். அப்பா சொல்லித் தந்திருந்த ஒரே கன்னட வார்த்தையை உரக்கச் சொன்னாள்.

"ஹாவு!"

அடுத்த நொடி கங்கப்பன் பஸ்ஸுக்குள் இருந்தார்.