ஆறு மணிச் சங்கு

கழுவுதொட்டியின் துளை மூச்சை உள்ளே இழுத்தது.

அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் சுழன்று இறங்கிய பிறகும் சத்தம் நிற்கவில்லை. பல்லில்லாத வாய் ஒன்று ஆறிப்போன எதையோ கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுவதுபோல நீண்டுகொண்டே போனது. துளைமேல் உள்ளங்கையை வைத்தான். தோலைப் பிடித்து இழுத்தது.

கோபுரத்தின் கழிவுக்குழாய் கடலுக்குள் போய் முடிகிறது. அதன் வாய் எப்போதும் தண்ணீருக்கடியில்தான் இருக்கும். காற்று புக வழியில்லை.

ஆழிப்பேரலை வந்தால் சங்கு ஊதுவது அவன் வேலை. வெள்ளிதோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு நிமிட ஒத்திகை. அப்போது கரையில் விளையாடும் பிள்ளைகள் கோபுரத்தைப் பார்த்துக் கையசைப்பார்கள். அவனும் மாடியிலிருந்து அசைப்பான். மகளுக்காக ஆரம்பித்த பழக்கம் அது. நிமிடம் தாண்டியும் ஊதினால் நிஜம், மேட்டுக்கு ஓட வேண்டும். போன வெள்ளி பொத்தான் சிக்கிக்கொண்டு சங்கு அலறித் தீர்த்துவிட்டது. பாதி ஊர் ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பியது. அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் 'புலி வருது'. நமக்குச் சங்கு ஊதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று சலூனில் சிரித்தார்கள். அவனும் சேர்ந்துதான் சிரித்தான்.

இன்றும் வெள்ளி. ஆறு ஆக இன்னும் நேரம் இருந்தது. மேலதிகாரிக்குப் போன் செய்தான்.

"கருவியில ஒண்ணும் காட்டலையே."

"குழாய் காத்த இழுக்குது சார்."

"அதுக்கு பிளம்பரக் கூப்பிடுய்யா. இன்னொரு தடவ தப்பா ஊதின, உன் வேலைக்குத்தான் சங்கு. ஆறு மணி ஒத்திகைய மட்டும் ஊதிட்டு வீட்டுக்குப் போ."

உட்கார்ந்தான். எழுந்தான். கடல்பக்க ஜன்னல் உப்பில் துருவேறி, மூடியபடியே என்றோ இறுகிவிட்டது. பொத்தானருகே போய்க் கையைத் தூக்கி, அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினான். அறையில் ஏதோ குறைந்திருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தான். சுவர்க்கடிகாரம் கேட்டது. அந்த அறையில் அது கேட்டதே இல்லை.

அலைச் சத்தம் இல்லை.

பிறகு நாற்றம். சேறு. பாசி. வெயிலே படாத எதனுடையதோ.

மாடிக்கு ஏறினான்.

கடல் இருந்த இடத்தில் தரை. கறுத்து, மினுமினுத்து, கண்ணுக்கெட்டிய மட்டும் தரை. படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன. புதிதாய்க் கிடைத்த மைதானத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் சட்டை, மகள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் மனைவி.

விழுந்தடித்து இறங்கினான். கடிகாரத்தைப் பார்த்தான்.

ஆறு.

அழுத்தினான். சங்கு எழுந்தது.

மறுபடி மாடி. இரண்டு கைகளையும் மேட்டை நோக்கி வீசினான். போங்க. மேல போங்க. சங்கு அவன் குரலைத் தின்றது.

பிள்ளைகள் நின்றார்கள். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். கையசைத்தார்கள்.

நிமிடம் தாண்டியது. யாரும் ஓடவில்லை.

போன் அதிர்ந்தது. மனைவி. காதில் அழுத்திக்கொண்டான்.

"என்னங்க, மறுபடியும் சிக்கிக்கிச்சா?"

கத்தினான். அவளுக்குச் சங்குதான் கேட்டது. சிரித்தாள். நிறுத்தினால் அவன் குரல் கேட்கும். நிறுத்தினால், ஒத்திகை முடிந்தது.

அவர்களுக்குப் பின்னால் அடிவானம் தடித்தது. பிறகு நிமிர்ந்தது.

கைகளை வீசினான். இன்னும் வேகமாக.

மஞ்சள் சட்டையும் வேகமாக அசைத்தது. இரண்டு கைகளையும். அவனைப் போலவே.