பாதிப் பாதி அரிப்பு

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் அம்மா. அம்மாவுக்கு எதிரே அக்கா. வீட்டில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அப்பாகூட அப்படித்தான் கூப்பிடுவார். அவள் தம்பி கரடிக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அவன்தான் அதில் இல்லை. மேசைக்கு அடியில் உட்கார்ந்து, மேசைக்காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

மேசை நடுவில் ஒரு கிண்ணம். அதில் வெள்ளைக் களிம்பு.

"இது என்னப்பா?" என்று கேட்டாள் அக்கா.

அப்பா கூரையைப் பார்த்தார்.

அக்காவுக்கும் கரடிக்கும் எக்ஸிமா. தோல் வறண்டு, சிவந்து, அரித்துத் தொலைக்கும். ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஆளுக்கொரு குழாய் களிம்பு கொடுத்திருந்தார். ஒன்றில் புது மருந்து உண்டு, மற்றதில் இல்லை. எதில் என்பது ஆராய்ச்சி முடியும்வரை டாக்டரம்மாவுக்கே தெரியாது.

கொஞ்ச நாளில் அக்காவின் முழங்கை மடிப்பு ஆறிவிட்டது. கரடி மேசைக்காலை விடவில்லை. இந்த வாரமோ, அக்காவுக்கும் மறுபடி அரிக்கத் தொடங்கிவிட்டது.

"ரெண்டையும் கலந்துட்டேன்" என்றார் அப்பா. அவர் தச்சர். ஆப்பிளைக்கூட அளவுகோல் வைத்துத்தான் வெட்டுவார். "ஒரு வீட்டுல ஒருத்திக்கு ஆறுது, ஒருத்தன் சொறியறான். நியாயமா அது? அதான் சமமாப் பிரிச்சேன்."

"சமமாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "முன்னாடி ஒண்ணு சொறிஞ்சுது. இப்போ ரெண்டும் சொறியுது."

"டாக்டரம்மாகிட்ட மூச்சு விடாதீங்க. ஆராய்ச்சியிலேருந்து நம்மள எடுத்துட்டா, கரடிக்கு நல்ல களிம்பே கிடைக்காது" என்றார் அப்பா.

மேசைக்கு அடியில் தேய்க்கும் சத்தம் நின்றது.

அக்கா முழங்கையைச் சொறிந்துகொண்டே யோசித்தாள்.

"சொல்லலேன்னா, ரெண்டு களிம்பும் அரைகுறைன்னு எழுதிப்பாங்கப்பா. அப்புறம் நல்லதை யாருக்குமே தர மாட்டாங்க. கரடிக்கும்தான்."

அப்பாவின் பார்வை கூரையிலிருந்து இறங்கி வந்தது. "அட, ஆமா."

அக்கா எழுதினாள்:

'டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்கள் அப்பா நல்லவர். ஆனால் இரண்டு களிம்பையும் கலந்துவிட்டார். அதனால் இந்த வாரம் எங்கள் அரிப்பை நம்பாதீர்கள். எது நல்ல களிம்பு என்று தெரிந்ததும் முதல் குழாயைத் தம்பிக்குக் கொடுங்கள். எனக்கு அப்புறம் போதும். எங்கள் மேசையும் பாவம்.'

கரடி மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தான். "அப்பா நல்லவர்னு எதுக்குக்கா?"

"அடுத்த வரியைப் படிச்சா திட்டுவாங்கல்ல. அதுக்குத்தான்."

"நானே ஒட்டறேன்" என்று அப்பா கடித உறையை வாங்கினார். விரலைக் கிண்ணத்தில் தொட்டுத் தடவினார். உறை வழுக்கிக்கொண்டு திறந்தது.

"அது களிம்புங்க" என்றாள் அம்மா.

அப்பா பட்டறைக்கு ஓடினார். மரம் ஒட்டும் பசையை வழிய வழியப் பூசி, மேலே ஒரு செங்கல்லையும் வைத்தார். காய்ந்த பிறகு அக்கா இழுத்துப் பார்த்தாள். உறை அசையவே இல்லை.

"இதை எப்படிப்பா அவங்க பிரிப்பாங்க?"

அப்பா மறுபடி கூரையைப் பார்த்தார்.

கரடி பென்சிலை எடுத்தான். உறையின் பின்பக்கம் 'உளியால் திறக்கவும்' என்று பெரிய எழுத்தில் எழுதி, ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.