மெசின் ஓடட்டும்

கிணற்றுக்குள் அப்புத்துரை இருமினான். சற்றுப் பொறுத்து, அவனுக்கும் கீழேயிருந்து அதே இருமல் வந்தது.

"கிணத்துக்கும் சளி பிடிச்சிட்டுதோ?" மேலே நின்ற கமலாசனி சிரித்தாள்.

"உம்மட மல்லித்தண்ணியிலை அதுக்கும் ஒரு வாய் வையும்" என்றான் கீழிருந்து அவள் புருஷன்.

குடியேற்றக் காணி கிடைத்துக் காடு வெட்டியபோது வெளிப்பட்ட பழங்கிணறு அது. புதிதாய்த் தோண்டும் பாடு மிச்சமென்று இருவரும் மகிழ்ந்தார்கள். இரவல் வாங்கிய மண்ணெண்ணெய் மெசின் காலையிலிருந்து தண்ணீரை இறைத்துக் கொட்ட, அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அடியில் சேறு வாரினான். மெசின் நின்றால் ஊற்று நொடியில் ஆள்மட்டம் ஏறிவிடும். அதனால் அவள் அதைவிட்டு அசையவில்லை. காது நிறைய அதன் படபடப்பு, மூக்கில் எண்ணெய்ப்புகை, அதற்கடியில் நெடுங்காலம் மூடிக்கிடந்த சேற்றின் புளித்த வாடை, சுற்றிலும் நடுப்பகல் வெய்யிலில் ஒரு குருவிகூடக் கத்தாத பாலைமரக் காடு.

தண்ணீர் இறங்க இறங்க, எதிரொலி தெளிவாகியது.

"கமலா, வாளியை விடும்."

"கமலா, வாளியை விடும்."

பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை. எதிரொலி மட்டும் வந்தது.

"கமலா."

எட்டிப் பார்த்தாள். இருட்டு.

"இஞ்சாருங்கோ?"

"மெசினை நிப்பாட்டும்!" புருஷனின் குரல் நடுங்கியது. "தண்ணி ஏறட்டும். இதை மூடட்டும். நான் தண்ணியிலை தாண்டு செத்தாலும் பறவாயில்லை, நிப்பாட்டும்!"

"நிப்பாட்டாதையும்." அதே குரல். அதே நடுக்கம். "நான் தாண்டு போவன், கமலா."

கை மெசினில் இருந்தது. நிறுத்தினால் அவன் சாவான். ஓடவிட்டால்?

ஓடட்டும் என்று விட்டாள். நீங்களென்றாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள், பிள்ளைகளே.

கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கீழே கல்லில் கால் ஊன்றி ஏறும் சத்தம் கேட்டது. கயிறு உள்ளங்கையைக் கிழித்தது.

கனம்.

ஒருவனின் கனமல்ல.

விடவும் முடியவில்லை.

விளிம்பில் சேறு பூசிய முகம் ஏறியது. அவன் முகம். கண்கள் இறுக மூடியிருந்தன.

அவன் தோளுக்குப் பின்னால், கழுத்தைக் கட்டிக்கொண்டு, மறுபடியும் அவன் முகம். கண்கள் திறந்திருந்தன.

அப்புத்துரை இருமினான்.

சற்றுப் பொறுத்து, அவளைப் பார்த்தபடியே, அது இருமியது.