பட்டுக்குட்டிக்கும் அதே அளவு

திருத்துவதற்காகத் திரும்பி வந்த நீலக் கவுனில் குழந்தை வாடையே இல்லை.

வருஷக்கணக்காகக் குழந்தைகளுக்கே தைக்கிறவளுக்கு அது அத்துப்படி. ஒரே ஒரு தடவை போட்ட கவுனாக இருந்தாலும் கழுத்தோரம் பால் கறையோ பழக் கறையோ ஒட்டியிருக்கும், அக்குளில் லேசாக வியர்வை வீசும், உட்கார்ந்து எழுந்த இடம் கசங்கியிருக்கும். இதிலோ முதுகுப் பக்கம் நெடுகக் குண்டூசி குத்திய ஓட்டைகள். கழுத்துப் பட்டியில் என்னவோ காய்ந்து மொடமொடவென்று இருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். பசை. காகிதம் ஒட்டுகிற பசை, அதுவும் ஊசிப்போனது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அனுப்பியது பட்டுக்குட்டி அம்மா. கவுன் படங்கள் போடுவதற்காக இவள் நெட்டில் வைத்திருக்கும் பக்கத்தில் சேர்ந்த பழைய வாடிக்கை. அந்தப் பெயருக்கு மேல் முகம் கிடையாது, ஒரு ஜோடி குட்டிச் செருப்புப் படம்தான். ஃப்ரெண்ட் ரெக்வெஸ்ட் வந்தால் யார் எவர் என்று பார்க்காமல் சேர்த்துக்கொள்வது இவள் வழக்கம். வீட்டிலேயே தைத்து விற்கிறவளுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாடிக்கைதானே. தங்கைதான் போனில் அரித்துக்கொண்டே இருப்பாள்.

“மூஞ்சியே இல்லாத ஆளையெல்லாம் எதுக்குக்கா சேத்துக்கறே?”

“மூஞ்சிக்கா கவுன் தைக்கறேன்? அளவு இருந்தா போதும்டி.”

பட்டுக்குட்டி அம்மா அந்த அளவைக்கூடத் தந்ததில்லை. ‘உங்க பொண்ணும் என் பொண்ணும் ஒரே வயசு, ஒரே வாகு. அவளுக்கு அளவெடுத்தே தைங்க’ என்று எழுதிவிடுவாள். இவளும் மகள் சின்னுவை ஸ்டூலில் ஏற்றி, கையைத் தூக்கச் சொல்லி, தோளிலிருந்து முழங்கால்வரை டேப்பை ஓட்டுவாள். தைத்து முடித்ததும் சின்னுவுக்கே போட்டுப் படம் எடுத்துப் பக்கத்தில் ஏற்றுவாள். முதல் ஆளாக இதயம் போடுவது பட்டுக்குட்டி அம்மாதான். பார்சலை மட்டும் கொரியர் ஆபீசிலேயே வந்து வாங்கிக்கொள்வாள். அதையும் இந்த மண்டு ஒரு சௌகரியம் என்றுதான் நினைத்தாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. புருஷன் ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான். சமையலறைக் குழாய் ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்தது, மிஷின் எண்ணெயின் வாடையோடு அந்தப் பசை நாற்றமும் அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, திரை போடாத ஜன்னலுக்கு அப்பால் எதிர்மாடி விளக்கில்லாமல் கறுத்துக் கிடந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, எதைத் திருத்தவேண்டும் என்று பார்க்கப் போனை எடுத்தாள்.

‘இடுப்புல அரை விரல் தளர்த்துங்க. மஞ்சள் கவுன் பிள்ளைக்கு இறுக்கமா இருக்கே, பாத்தேன்.’

மஞ்சள் கவுனா?

அது மீந்த துணியில் சின்னுவுக்கு வீட்டோடு போட்டுக்கொள்ளத் தைத்தது. அவள் அதைப் படம் எடுக்கவே இல்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. சாயங்காலம்தான் அலசி மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள்.

இத்தனை நாள் கேட்காததை இப்போது கேட்டாள். ‘உங்க பொண்ணு படம் ஒண்ணு அனுப்புங்க.’

‘இதோ, அனுப்பறேன்.’

“அம்மா,” என்று சின்னு பழைய போனோடு வந்து நின்றாள். படம் வரைகிற வீடியோ பார்ப்பதற்காக அம்மாவே கணக்குத் தொடங்கிக் கொடுத்த போன். “பட்டுக்குட்டி எனக்கும் ரெக்வெஸ்ட் குடுத்தா. சேத்துக்கிட்டேன்.”

“யாரைக் கேட்டுச் சேத்துக்கிட்டே?”

“அவ பேருக்குக் கீழே, அவளுக்கும் ஃப்ரெண்டுன்னு உன் மூஞ்சி இருந்துச்சே. உனக்குத் தெரிஞ்சவங்கதானே?”

“என்ன பேசினா?”

“அப்பா எப்போ கிளம்புவாருன்னு கேட்டா. சொன்னேன். விளக்கு போட்டதும் நான் ஸ்டூல்ல ஏறி நிக்கணுமாம். இன்னைக்குப் புது அளவாம்.”

போனைப் பிடுங்கி அணைத்தாள். கதவைப் போய் இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. கழுத்தில் கிடந்த டேப் கம்பளிப்பூச்சியாய் ஊர்ந்தது. உருவி எறிந்தாள். சீ. இந்தக் கையாலேயே அல்லவா அளந்தாள். பெற்ற பிள்ளையைத் தோளும் இடுப்புமாக அளந்து, தைத்து, இஸ்திரி போட்டு, பார்சல் கட்டி, எவனுக்கோ அனுப்பினாள். எவன்? எவள்? சமையலறைக்குப் போய்ச் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். தோல் எரிந்தது. பசை நாற்றம் போகவில்லை.

மிஷின் மேல் இருந்த அவள் போன் சிணுங்கியது.

ஈரக்கையோடு ஓடிவந்து எடுத்தாள். படம் வந்திருந்தது.

ஒரு அறை. துணிக்கடையில் நிறுத்துவார்களே, குழந்தை பொம்மைகள். வரிசையாக. சின்னது முதல் பெரியதுவரை. எல்லாவற்றின் மேலும் அவள் தைத்த கவுன்கள். முதுகில் குண்டூசி வைத்து இறுக்கியவை. எல்லாவற்றுக்கும் முகம் இருந்தது. காகித முகம். பொக்கை வாய்ச் சின்னு. முன்பல் விழுந்த சின்னு. ரெட்டைச் சடைச் சின்னு. அவள் எடுத்து, அவள் போட்ட படங்கள். கழுத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது.

கடைசியில் மஞ்சள் கவுன்.

ஈரம் காயாத மஞ்சள் கவுன். விளிம்பு சொட்டித் தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. அந்தப் பொம்மைக்கு மட்டும் இன்னும் முகம் ஒட்டவில்லை.

அதன் தோளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால், எதிர்வீட்டில், விளக்கு எரியும் ஓர் அறை. தையல் மிஷின். ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஒரு குழந்தை, இரண்டு கையையும் தூக்கியபடி.

“அம்மா,” என்றாள் சின்னு, அவளுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்திலிருந்து. “சீக்கிரம் அளவெடு. கை வலிக்குது.”