நட்டின் மேல் ஒரு மஞ்சள் கோடு

இந்தக் காலத்தில் யாருக்கும் எதற்கும் பயமில்லை. கைப்பேசியில் நாலு நிமிடம் வீடியோ பார்த்துவிட்டு, ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டுகூடக் கொடுக்காமல் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கிறார்கள். கேட்டால், "நாங்களே சரி பண்ணிக்குவோம்" என்கிறார்கள். வண்டி இறங்கினால் தலை என்ன ஆகும் என்று அந்த வீடியோக்காரன் சொல்வதில்லை. அவனுக்கென்ன... அவன் தலையா உள்ளே இருக்கிறது?

ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டுக் குடையோடு நடந்த மெக்கானிக்கின் மனதில் அன்று மாலை ஓடியது இதுதான். எதிரே சாலையோரம், கொட்டும் மழையில், ஒரு வெள்ளை வேன் நின்றது. நின்றது என்றா சொல்வது? பின்பக்க இடது மூலை சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே விட்டது. அந்த மூலைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்றில் இல்லை.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தெருவில் எல்லோரும் வைத்த பெயர் 'மறுபடி'. யார் எதைச் சொன்னாலும் "மறுபடி பாரு" என்பார். சுவர்க் கடிகாரத்தை நம்பமாட்டார், கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்ப்பார். கைக்கடிகாரத்தையும் நம்பமாட்டார். கல்யாணத்தையும் நம்பாமலே காலம் ஓடிவிட்டது.

"யம்மா! முதல்ல வெளிய வாங்க! உசுரு வேணாமா?"

கால்கள் அசைந்தன. முகம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய முகம்... கன்னத்தில் கிரீஸ், காதோரம் நரை, இமை நுனியில் விழலாமா வேண்டாமா என்று ஒரு மழைத்துளி. அந்தக் கண்கள் அவரை முறைத்தன. முறைக்கும் கண்ணை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். ஆனால் இதைப் பார்த்ததும் குடை சாய்ந்து தோள் நனைவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஏன்? தெரியவில்லை.

"கத்தாதீங்க. உள்ள மூணு அடுக்குக் கேக்கு இருக்கு. உங்க சத்தத்துக்கே சரிஞ்சிரும்."

"கையில என்னது அது? வண்டியக் குளிப்பாட்டுறீங்களா?"

"சோப்புத் தண்ணி. காத்து எங்க கசியுதோ அங்க நுரை வரும். வீடியோவுல சொன்னாங்க."

"மழையில அடிச்சா நுரை வராது. தடுமன்தான் வரும்."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குச் சொன்னதுமில்லை... அப்புறம் ஏன் காது சூடாகிறது?

அவள் கேக் செய்கிறவள். கேக்கம்மா என்றால் சுற்றுப்புறத்தில் தெரியும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் போனால் குலுங்கிக் குலுங்கி அடுக்குக் கேக் சாய்ந்துவிடும் என்றுதான் இந்த வேனை வாங்கினாளாம். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பைதான் இதைத் தாங்குகிறது. காற்று போனால் வண்டி இறங்கும்.

"ஏழு மணிக்குக் கேக்கு போயாகணும்" என்றாள். குரல் லேசாக உடைந்தது.

மெக்கானிக் திரும்பிப் போனார். போயே விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பானர் எல்லாவற்றோடும் வந்தார். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, அதை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். குடையை அவளிடம் நீட்டினார்.

"எனக்கா?"

"ரப்பருக்கு. மழை படாம பிடிங்க."

இருவரும் நனைந்தார்கள். ரப்பர் பை மட்டும் நனையவில்லை. எஞ்சினை ஓடவிட்டு அவர் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். பையில் ஒன்றுமில்லை... பைக்குள் காற்றைக் கொண்டுபோகும் ட்யூபைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டில்... ஒரு குமிழி. இன்னொன்று. பிறகு பொலபொலவென்று நுரை பூத்தது.

"பாத்தீங்களா! வீடியோ பொய் சொல்லல!" என்று அவள் குதித்ததில் குடை நகர்ந்து, அவர் பிடரியில் தண்ணீர் கொட்டியது.

எஞ்சினை நிறுத்தி, மிச்சக் காற்றையும் வெளியேற்றி, நட்டைக் கழற்றினார். ட்யூபின் நுனி தேய்ந்து வெடித்திருந்தது. விரலளவு நேராக வெட்டிவிட்டு மறுபடி சொருகினால் போதும். வெட்டுவதற்கு அவள் நீட்டியது கேக் கத்தி. வாழ்நாளில் இப்படி ஒரு கேவலத்துக்கு ஆளானதில்லை என்று முணுமுணுத்தபடியே வெட்டினார். நட்டை முடுக்கி, பேனா மாதிரி இருந்த பெயிண்ட் குச்சியால், நட்டிலிருந்து அது ஏறியிருக்கும் பாகம் வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு இழுத்தார்.

"இது எதுக்கு?"

"நட்டு கொஞ்சம் திரும்புனாலும் கோடு உடைஞ்சிரும். பாத்த உடனே தெரியும். நான் யாரையும் நம்புறதில்ல, நட்டையும்தான்."

வண்டிக்கு உயிர் கொடுத்தார்கள். கொர்ரென்று காற்று ஏற, மூலை மெல்ல மெல்ல எழுந்தது. அவள் கண்ணும் கூடவே அகன்றது. அந்த அகலத்தில் அவர் கொஞ்ச நேரம் வழி தெரியாமல் நின்றார்.

கேக் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தொலைபேசி. "மெக்கானிக்... மறுபடி இறங்கிருச்சு."

போனார். மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. ஆனால் சோப்புத் தண்ணீர் பட்டதும் அதே நட்டில் நுரை வந்தது, கோடும் கரைந்து வழிந்தது. இப்ப வர்ற பெயிண்ட்டு அப்படி, தண்ணி பட்டா நிக்குறதில்ல என்று திட்டினார். முடுக்கினார். புதுக் கோடு போட்டார். அவள் தேநீர் தந்தாள். அதில் சர்க்கரை அதிகம் என்றார். அடுத்த தடவை சரியாக இருந்தது.

ஆம், அடுத்த தடவையும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நாற்பது வருஷத்தில் அவர் முடுக்கிய நட்டு தானாக அவிழ்ந்ததில்லை. வாஷர் மாற்றினார், நட்டையே மாற்றினார். ராத்திரி தூக்கம் வரவில்லை. நட்டை நினைக்கத் தொடங்கினால் கடைசியில் இமை நுனியில் ஒரு மழைத்துளியில் போய் நின்றது... இதென்ன கண்றாவி? இன்னொன்றும் குழப்பியது. கேக் போகிற நாளில் மட்டும் அந்த வண்டி இறங்குவதே இல்லை. ரப்பருக்கு நாள்கிழமை தெரியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது வேன் பக்கத்தில் அவளுடைய அண்ணன் நின்றிருந்தார். கணக்காகச் சீவிய தலை, சட்டைப் பையில் பேனா.

"நீங்கதானா அந்த மெக்கானிக்? ஒரு நட்டு முடுக்க எத்தன தடவைங்க? வேலைய வேணும்னே அரைகுறையா விட்டுட்டு, திரும்பத் திரும்ப வீட்டுக்கு வர்றதுக்கு வழி பண்றீங்களோ?"

"அண்ணா, சும்மா இருங்க" என்றாள் அவள்.

"நீ பேசாத. இந்த ஓட்டை வண்டிய வித்துட்டு, இப்படித் தனியா கெடக்காம எங்கூட வந்து இருன்னு எத்தன தடவ சொல்றேன்! கேக்கு சுட்டது போதும். நாளைக்கே வண்டி வாங்குற ஆளைக் கூட்டிட்டு வர்றேன்."

மெக்கானிக்கின் முகம் கறுத்தது. திருப்பிச் சொல்ல வாயெடுத்தார்... அவளைப் பார்த்தார்... ஸ்டாண்டு கொடுத்து வண்டிக்கு அடியில் போனார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று டார்ச்சை அடித்தார்.

நட்டில் எறும்பு.

சக்கரத்தின் மேல் ஏறி, அச்சு வழியாக, ஒரே வரிசையாக வந்து, மஞ்சள் கோட்டை மொய்த்துக்கொண்டிருந்தது. பெயிண்ட்டை எந்த எறும்பு தின்னும்? விரலால் தொட்டார். மறுபடி தொட்டார். நாக்கில் வைத்தார்.

இனித்தது.

டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். கோட்டுக்குக் கீழே அவர் போட்ட பெயிண்ட்டைச் சுரண்டிய தடம்... அதற்கு மேல் கேக்குக்குப் பூப்போடும் மஞ்சள் கிரீம்... ஒரு முடி தடிமன் பிசகாமல் இழுத்த கோடு. இந்த ஊரில் அப்படி இழுக்கக்கூடிய கை ஒன்றுதான். ஆனால் ஏன்? நல்லா இருக்கிற நட்டை யாராவது கழற்றுவார்களா?

வெளியே அண்ணனின் செருப்பு தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. "என்ன, ஏதாவது தெரிஞ்சுதா?"

மெக்கானிக் கையால் எறும்பைத் தட்டிவிட்டார். கோட்டை அழுத்தித் துடைத்தார். வெளியே வந்து நின்றார்.

"தப்பு என்னோடது. நான்தான் சரியா முடுக்கல. கை தளந்துபோச்சு. வண்டி நல்ல வண்டி, விக்காதீங்க. வேற ஆள வச்சுப் பாருங்க."

தன் வேலையில் தப்பு என்று அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவரே இப்போதுதான் கேட்கிறார். கருவிப் பைக்குள் ஸ்பானரைப் போட்டார். அது உள்ளே விழாமல் காலில் விழுந்தது.

"பொய்!" என்றாள் அவள்.

அண்ணன் திரும்பினார்.

"அவர் முடுக்குனது மலையக் கட்டி இழுத்தாலும் அவிழாது. நான்தான் ஸ்பானர் போட்டுக் கழட்டுனேன். ஒவ்வொரு தடவையும்."

"உனக்கென்ன பைத்தியமா? எதுக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். கழுத்து வரை சிவந்துபோனாள். "வண்டி நல்லா இருந்தா... இவர் எதுக்கு வருவார்?"

அண்ணன் பேனாவை எடுத்தார், திரும்பப் பையிலேயே வைத்தார். "நான் உள்ள போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் குனிந்து ஸ்பானரை எடுத்தார். சோப்புத் தண்ணீர் புட்டியை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்கல்ல... அப்புறம் ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலதான். நாப்பது வருஷமா இந்த மூஞ்சியப் பாத்தா ஆளுங்க மீதிச் சில்லறை வாங்காமகூட ஓடுவாங்க. இதப் பாக்கவா நல்ல நட்டக் கழட்டுனீங்க? நம்புற மாதிரியா இருக்கு?"

"எனக்குப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

மழை இல்லை. ஆனாலும் அவள் இமை நுனியில் அதே துளி. அவர் வேறு பக்கம் பார்த்தார். அங்கேயும் அதுவே தெரிந்தது.

"எனக்கும்..." என்றார். ஸ்பானரைச் சட்டையில் துடைத்தார். "எனக்கும் தூக்கம் வர்றதில்ல. நட்டுனாலன்னுதான் நெனச்சேன். நட்டு இல்ல போல."

மறுபடி அடியில் போய் நட்டை முடுக்கினார். நிஜப் பெயிண்ட்டால் கோடு போட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"என்னங்க... போறீங்களா?"

அந்த 'என்னங்க'வில் கால் ஒருமுறை தடுக்கியது. சமாளித்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில வந்து பாப்பேன். வண்டி நிமிந்து நின்னா, நீங்க சொன்னத நம்புறேன்."

"இறங்கியிருந்தா?"

அவர் யோசித்தார்.

"அப்பவும் வருவேன்."

சொல்லிவிட்டு நடந்தார். பாதித் தெருவில் நின்று விரலை முகர்ந்து பார்த்தார். கிரீமா கிரீஸா என்று புரியவில்லை. ஐம்பது வயதுப் பொம்பளை, அறுபது வயதுக் கிழவனுக்காக நட்டைக் கழற்றினாளாம். யாரிடம் கதை விடுகிறாள்? இந்தக் காலத்து ஆட்கள்... தலையை ஆட்டிக்கொண்டே திருப்பத்தைத் தாண்டினார். நம்பவில்லை.

நாளைக்குப் போட நல்ல சட்டை எது என்று மட்டும் யோசித்துக்கொண்டு போனார்.